அரமும் திருப்புளியும்: பழங்கருவிகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: பழைய கைத்துப்பாக்கி, அதற்குள் உடைந்துபோன ஒரு சின்ன ஸ்பிரிங். கடிகாரம், பெட்டிப்பூட்டு, தையல் மெஷின் என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். பூட்டு வேலையில் ஊறியவன் என்பதால் இந்தக் கேள்விகளுக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன். ஆசிரியர் குறைக்கச் சொன்னார். குறைத்தது இவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, தாத்தா வழியாக எனக்கு ஒரு ஒற்றைக்குழல் கைத்துப்பாக்கி வந்திருக்கிறது. சக்கிமுக்கிக் கல் வைக்கிற பழைய வகை. குதிரையை, அதாவது கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கிற சுத்தியலை, பின்னால் இழுத்தால் நிற்காமல் முன்னே விழுகிறது, விரலால் இழுக்கிற விசை தொளதொளவென்று ஆடுகிறது. குதிரையை இயக்குகிற பொறி இருக்கும் பூட்டைக் கழற்றியபோது விரல்நகம் அளவில் ஒரு மடிப்புத் துண்டு இரண்டாக உடைந்து விழுந்தது. பேனா ஸ்பிரிங் ஒன்றைச் செருகினால் போதும் என்கிறான் நண்பன். சுடுகிற எண்ணம் இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தான். நானே புது ஸ்பிரிங் போட முடியுமா?

பதில்: முடியும் தம்பி. ஆனால் நீங்கள் பூட்டைக் கழற்றியதைச் சொன்னீர்கள், குழலைப் பார்த்ததைச் சொல்லவில்லை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கிகள் கெட்டித்த நிலையிலேயே அலமாரியில் கிடப்பது அபூர்வமே இல்லை. கறுப்பு மருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழல்வாய் வழியாக மெதுவாக உள்ளே விடுங்கள். இரும்புக்கம்பி வேண்டாம். அடியில் முட்டியதும் வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை எடுத்து, குழலுக்கு வெளியே அதே கோட்டை வாய் விளிம்போடு பொருத்திப் பிடியுங்கள். குச்சியின் முனை, பற்றவைக்கும் மருந்தை இடுகிற கிண்ணியின் பக்கத்தில் இருக்கும் பற்றுத்துளை வரை வந்தால் குழல் காலி. ஒரு விரற்கடைக்கு மேல் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது துணிப்பந்தாகவோ குளவிக்கூடாகவோகூட இருக்கலாம், ஆனால் குண்டும் மருந்தும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் எதையும் தட்டாமல், சூடாக்காமல், தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். மேலே நான் சொல்லப்போவது எல்லாம் காலிக்குழலுக்கு மட்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழம்பொருள் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது பழம்பொருள். வேறு நாடுகளில் வருஷம் மாறும், சில இடங்களில் வருஷமே கணக்கில் வராது. வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா என்று விசாரித்துவிட்டு அப்புறம் திருப்புளியை எடுங்கள்.

சரி, உங்கள் ஸ்பிரிங். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உடைந்தது கொக்கி ஸ்பிரிங். பூட்டுத் தகட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். குதிரையின் அச்சோடு சேர்ந்து சுழலுகிற ஒரு உருட்டுத் துண்டு இருக்கும். அதன் விளிம்பில் இரண்டு காடிகள், அதாவது வெட்டுப் பள்ளங்கள். ஒன்று ஆழமானது, பாதி இழுப்புக்கு. இன்னொன்று மேலோட்டமானது, முழு இழுப்புக்கு. கொக்கியின் மூக்கு இந்தக் காடிகளில் உட்கார்ந்தால்தான் குதிரை நிற்கும். மூக்கை எப்போதும் உருட்டுத் துண்டின் மேல் அழுத்திக்கொண்டே இருப்பதுதான் உங்கள் கையில் உடைந்து விழுந்த துண்டின் வேலை. நீங்கள் விசையை இழுக்கும்போது விசையின் தகடு கொக்கியின் வாலைத் தூக்குகிறது, மூக்கு காடியை விட்டு விலகுகிறது, குதிரை பாய்கிறது. ஸ்பிரிங் போய்விட்டால் மூக்கை அழுத்த ஆளில்லை, விசையின் மேலும் எதிர்ப்பு இல்லை. குதிரை நிற்காததற்கும் விசை ஆடுவதற்கும் காரணம் ஒன்றே.

இருந்தாலும் பூதக்கண்ணாடியில் அந்தக் காடிகளையும் மூக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூக்கு மழுங்கியிருந்தால் புது ஸ்பிரிங் போட்டும் குதிரை நழுவும். அப்போது எல்லாரும் ஸ்பிரிங்கைத்தான் திட்டுவார்கள்.

உங்கள் நண்பரின் பேனா ஸ்பிரிங் யோசனைக்கு வருகிறேன். அது சுருள். நீளவாட்டில் அமுங்கி விரிவது. அது உட்கார ஒரு குழியோ, நடுவே ஒரு குச்சியோ வேண்டும். இந்தப் பூட்டில் இரண்டும் கிடையாது. மெல்லிய தகடும் அதன் மேல் ஒட்டிப் படுத்த மடிப்புப் பட்டையும்தான் அமைப்பு. சுருளை உட்கார வைக்க வேண்டுமென்றால் யாராவது தகட்டில் துளை போட வேண்டும், அல்லது கொக்கியில் பள்ளம் வெட்ட வேண்டும். அப்படித் துளைபட்ட பூட்டுகள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் துளைகளை நான் என்ன செய்தாலும் மறைக்க முடியாது. புது ஸ்பிரிங் பொருந்தவில்லை என்றால் புது ஸ்பிரிங்கை அராவுங்கள். பழைய தகட்டில், பழைய கொக்கியில், பழைய திருகாணியில் அரம் படவே கூடாது. இந்த வேலையில் நான் பிடிவாதம் பிடிக்கிற ஒரே விஷயம் இது.

கழற்றுகிற வரிசை முக்கியம். முதலில் பெரிய ஸ்பிரிங் வெளியே வர வேண்டும். குதிரையைத் தள்ளுகிற அந்தப் பெரிய மடிப்புப் பட்டை இறுக்கத்தில் இருக்கும்போது வேறு எதையும் தொடாதீர்கள். அதை எடுக்க ஸ்பிரிங் கிளாம்ப் என்று ஒரு சின்ன இறுக்கி இருக்கிறது. குதிரையை இழுத்துப் பிடித்து, பட்டையின் இரு கால்களையும் இறுக்கியால் கவ்வி, குதிரையைத் தளர விட்டால் ஸ்பிரிங் இறுக்கியோடு கையில் வந்துவிடும். உங்கள் பூட்டில் கொக்கி பிடிக்காது என்பதால், இறுக்கி கவ்வும்வரை குதிரையை இன்னொருவர் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். திருப்புளியால் நெம்பி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருடைய கைவிரல்களை ஒருமுறை பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, பூட்டின் மேல் ஒரு துணியை மூடிக்கொண்டு செய்யுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணைத்தான் தேடும். கண்ணுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், அதையும் யாரும் திரும்பப் பார்த்ததில்லை.

அப்புறம் திருகாணிகள். எல்லாருக்கும் பொதுவான மரை அளவு வேண்டும் என்று இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் முன்வைத்தது 1841இல். உங்கள் சக்கிமுக்கித் துப்பாக்கி பெரும்பாலும் அதற்கு முந்தியது. அதன் ஒவ்வொரு திருகாணியும் அதனதன் துளைக்கென்று தனியாக மரை வெட்டப்பட்டது. தொலைந்தால் கடையில் கிடைக்காது, இடம் மாற்றிப் போட்டால் மரை போய்விடும். ஒரு அட்டையில் பூட்டின் படத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். திருப்புளியின் முனை திருகாணித் தலையின் வெட்டில் முழு அகலத்துக்கும் முழு ஆழத்துக்கும் உட்கார வேண்டும். கடையில் வாங்கும் திருப்புளிகளின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், அது வெட்டின் உதட்டைக் கிழித்துவிடும். முனையின் இரு பக்கமும் இணையாக வரும்படி சாணையில் தீட்டிக்கொள்ளுங்கள். அசையாத திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு காத்திருங்கள்.

உடைந்த துண்டுகள் இரண்டையும் பத்திரமாக வையுங்கள், அவைதான் உங்களுக்கு அளவு. கொக்கி ஸ்பிரிங்கின் ஒரு காலில் திருகாணி போகிற கண் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டு நிற்கும், அது தகட்டில் உள்ள வெட்டில் போய் உட்காரும். ஸ்பிரிங் சுழலாமல் பிடிப்பது திருகாணி இல்லை, அந்த முளைதான். இன்னொரு கால் சும்மா விட்டது, நுனி போகப்போக மெலிந்துகொண்டே வரும். துண்டுகளைச் சேர்த்துவைத்து, நீளம், அகலம், அடியில் கனம், நுனியில் கனம், கண்ணுக்கும் மடிப்புக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கனத்தைக் கண்ணால் மட்டுப் பார்க்காதீர்கள், அளவுகோலால் எடுங்கள். பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. கனத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே பத்தில் ஒரு பங்குதான் குறையும். அரம் பிடிக்கிறவன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான்.

தயாராகக் கிடைப்பது ஒரு வழி. சக்கிமுக்கிப் பூட்டுகளுக்கான ஸ்பிரிங்குகளை எஃகில் வார்த்து விற்கிறார்கள். அளவில் கொஞ்சம் பெரிதாக உள்ளதை வாங்கி அராவிப் பொருத்தலாம். பதம் போட்டதா, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கியதா, போடாததா என்று கேட்டு வாங்குங்கள். பதம் போட்ட ஸ்பிரிங்கில் அரம் வழுக்கினாலும் வழுக்கும்.

நீங்களே செய்வதென்றால் முக்கால் சதவீதத்துக்குக் குறையாமல் கரிமம் உள்ள எஃகுப் பட்டை வாங்குங்கள். உடைந்த ரம்பப் பட்டையில் செய்யலாம், பழைய அரத்தில் செய்யலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்தச் சூட்டில் பதம் போடுவீர்கள்? நாள் முழுக்க அராவிய பிறகு உடைவதைவிடப் புதுப் பட்டை மலிவு. முளையும் கண்ணும் வருகிற இடத்தில் கனம் வேண்டும் என்பதால் பட்டை சற்றுத் தடிமனாகவே இருக்கட்டும், மற்ற இடத்தை அராவிக் குறையுங்கள். கண்ணை, மடிப்பதற்கு முன்பே துளைத்துவிடுங்கள். மடிக்கும்போது செஞ்சூடு வேண்டும். மடிப்பின் உள்பக்கம் கத்திமுனையாக இல்லாமல் ஒரு வளைவோடு இருக்க வேண்டும். கால்களைப் பூட்டில் உட்காரும் நிலையைவிடச் சற்று அகலமாக விரித்து வையுங்கள், அந்த உபரி விரிவுதான் கொக்கியின் மேல் அழுத்தமாக மாறும்.

அடுத்தது மெருகு. பலர் அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். உடைந்த ஸ்பிரிங்கின் முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு விளிம்பில் கறுத்த பிறை ஒன்று தெரியும், மீதி இடம் வெளிறிய சாம்பலாக இருக்கும். கறுத்த இடம் பல வருஷமாக மெல்லத் திறந்துகொண்டிருந்த கீறல். அது அரத்தின் குறுக்குத் தடத்திலோ, துருக்குழியிலோ தொடங்கியிருக்கும். ஆகவே கடைசி அரம், கடைசி உப்புத்தாள் எல்லாம் காலின் நீளவாட்டில்தான் ஓட வேண்டும். குறுக்கே ஒரு கீறல்கூட மிஞ்சக் கூடாது, முக்கியமாக மடிப்பின் கிட்டே. விளிம்புகளின் கூர்மையையும் எடுத்துவிடுங்கள். நல்ல கைகள் செய்த பழைய ஸ்பிரிங்குகள் கண்ணாடி மாதிரி மின்னும். யாரும் பார்க்காத உள்பக்கத்தில் அவ்வளவு மெருகு எதற்கு என்று வேலைக்கு வந்த புதிதில் நான் கேட்டேன். என் ஆசிரியர் பதில் சொல்லவில்லை, இன்னும் ஒரு மெல்லிய தாளை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இனி நெருப்பு. இரண்டு கட்டம். முதலில் துவைச்சல்: ஸ்பிரிங்கைச் சீராகச் சூடாக்குங்கள். இரும்பு 770 டிகிரி செல்சியஸ் வாக்கில் காந்தத்துக்குப் பிடிபடாமல் போகும். காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும், சுமார் 800 டிகிரியில், வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்குங்கள். இப்போது அது கடினமாக இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். வளைத்துப் பார்க்காதீர்கள். எண்ணெயைத் துடைத்து, நிறம் தெரியும்படி மறுபடி வெள்ளையாகத் தேயுங்கள். அப்புறம் இரண்டாவது சூடு, அதுதான் பதம். மணல் பரப்பிய தட்டில் வைத்து மெல்ல ஏற்றினால் எஃகின் மேல் நிறங்கள் ஒவ்வொன்றாக ஓடும். 230 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 255இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். முழு நீலம் பரவியதும் எடுத்துவிடுங்கள். நேரடிச் சுடரில் காட்டினால் மெல்லிய நுனி முந்திக்கொண்டு நீலமாகிவிடும், தடித்த மடிப்பு இன்னும் மஞ்சளில் நிற்கும். அந்த மடிப்புதான் உடையும். வீட்டுச் சமையல் ஓவன் போதுமா என்று கேட்காதீர்கள். பெரும்பாலானவை 250 டிகிரியோடு நின்றுவிடும். பழைய பட்டறைகளில் உருகிய ஈயத்தில் முக்கிப் பதம் போடுவார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், அப்போதுதான் உருகிய நிலையிலேயே வைத்திருந்தால் சூடு அதை ஒட்டியே நிற்கும். புகை நஞ்சு என்பதால் வீட்டில் வேண்டாம்.

பூட்டில் போடும் முன் சோதனை. மேஜையில் பொருத்திய இறுக்கியான வைஸில் வைத்து, பூட்டுக்குள் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு மட்டும் மெதுவாக அமுக்கி விடுங்கள். முதல் தடவை கால்களின் விரிவு ஒரு மயிரிழை குறைந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போனால் பதம் மெத்தென்று ஆகிவிட்டது. முறிந்தால் பதம் போதவில்லை. இரண்டில் எது நடந்தாலும் வைஸில் நடப்பது நல்லது.

பொருத்தும்போது ஸ்பிரிங்கின் விட்ட கால் தகட்டில் உரசக் கூடாது, மயிரளவு இடைவெளி வேண்டும். கொக்கியைத் தொடும் நுனி மட்டும் தொட வேண்டும். ஒரு பொட்டு எண்ணெய். அவ்வளவுதான். பெட்டியில் வைக்கும்போது குதிரை கீழே இறங்கிய நிலையில் இருக்கட்டும்.

கேள்வி: உடைந்த ஸ்பிரிங்கை வெல்டு வைத்து ஒட்டித் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார். புதிது செய்வதைவிட இது சுலபம் இல்லையா?

பதில்: சுலபம்தான். ஒட்டின இடம் கண்ணாடி மாதிரி முறியும், அதன் இரு பக்கமும் சூடுபட்டு இளகிய இடம் வளைந்த பிறகு திரும்பாது. ஒரே ஸ்பிரிங்கில் இரண்டு நோயும் சேர்ந்திருக்கும். வேண்டாம். அதைவிட உடைந்த துண்டுகள் ஒட்டாமல் இருப்பதே மேல், குறைந்தபட்சம் அளவெடுக்கவாவது ஆகும்.

கேள்வி: என்னுடையது உடையவில்லை, தளர்ந்துவிட்டது. கால்களைக் கையால் இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டால் பலம் வருமா? மறுபடி பதம் போட்டால் விறைப்பு கூடுமா?

பதில்: இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. பதம் போட்டால் விறைப்பு கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகள், ஒன்று பதம் போட்டது, மற்றது போடாதது. ஒரே பாரத்துக்கு இரண்டும் ஒரே அளவுதான் வளையும். போடாதது சீக்கிரமே வளைந்தபடி தங்கிவிடும், போட்டது அதைத் தாண்டி வெகுதூரம் வளைந்தும் பழைய நிலைக்கு வரும். பதம் கொடுப்பது அந்தத் தூரத்தைத்தான்.

தளர்ந்தது என்றால் எங்கோ அந்த எல்லையைத் தாண்டி வளைந்திருக்கிறது என்று பொருள். குளிர்ந்த நிலையில் விரித்தால் கொஞ்ச நாள் நிற்கும், சில சமயம் விரிக்கும் கையிலேயே உடையும். சூடாக்கி இளக்கி, விரித்து, மறுபடி துவைச்சலும் பதமும் கொடுப்பதுதான் முறை. அதற்கு முன்னால் ஒன்று: உண்மையிலேயே தளர்ந்ததா, அல்லது கெட்டியாகிப்போன பழைய எண்ணெய் பிடித்து இழுக்கிறதா? பூட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பாருங்கள். நான் பார்த்த ‘தளர்ந்த’ ஸ்பிரிங்குகளில் நிறைய, அழுக்கு போனதும் இளமையாகிவிட்டன.

கேள்வி: துருப் பிடித்த பூட்டு உறுப்புகளை வினிகரில் ஊற வைத்தால் பளிச்சென்று ஆகிறது என்று கேள்விப்பட்டேன். ஸ்பிரிங்குகளையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பதம் போட்ட எஃகு அமிலத்தில் கிடந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கச் செய்யும். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும். பூட்டில் மாட்டி இறுக்கிய பிறகு, சில சமயம் யாரும் தொடாமலே, முறியும். ஸ்பிரிங்குக்கு எண்ணெயும் மிக மெல்லிய இரும்பு நாரும் போதும். மற்ற உறுப்புகளையும் பளிச்சென்று ஆக்க வேண்டாம் என்பேன். சிவப்பாகப் பொடிந்து விழுகிற துருவை நிறுத்த வேண்டும், பழுப்பாக ஒட்டிப்போன மேல்தோலை விட்டுவிட வேண்டும். அதை உரித்த துப்பாக்கியைப் பார்த்தால் சேகரிப்பவர்கள் விலையைப் பாதியாகக் கேட்பார்கள், நியாயம்தான்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கைத்துப்பாக்கி பல வருஷமாகப் பாதி இழுப்பிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் கெட்டிருக்குமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நல்ல எஃகு அறைச் சூட்டில் அமுங்கிக் கிடப்பதால் மட்டும் சோர்ந்துவிடாது. துருக்குழி இருந்தால் கதை வேறு. குழலைக் குச்சியால் சோதித்துவிட்டு, குதிரையைக் கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்கிவிடுங்கள். விசையை இழுத்துச் சடக்கென்று விடாதீர்கள்.

கேள்வி: பேத்தி பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் பற்றிப் படிக்கிறாள். எல்லா ஸ்பிரிங்கும் சுருள்தானே, இந்தத் துப்பாக்கியில் மட்டும் ஏன் மடித்த பட்டை என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஐயா.

பதில்: பேத்திக்கு என் வாழ்த்து, அம்மா. காரணம் இரண்டு. ஒன்று இடம். பூட்டு உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டி இல்லை, மரத்தில் மெல்லியதாகக் குடைந்த பள்ளத்தில் படுத்திருக்கும் தகடு. அங்கே பட்டைதான் படுக்கும். இன்னொன்று, அந்தக் காலத்துக் கொல்லன் ஒரு எஃகுத் துண்டை அடித்து, அராவி, ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் தன் விருப்பப்படி செய்துகொள்ள முடிந்தது. சீரான கனமும் சீரான குணமும் உள்ள எஃகுக் கம்பி மலிவாகக் கிடைத்தது வெகு பிந்தித்தான்.

எஃகு சீராகக் கிடைப்பதே அப்போது பெரிய பாடு. 1740களில் இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கிடைக்கிற எஃகில் செய்த ஸ்பிரிங்குகள் நம்பும்படி இல்லை என்று சலித்துப்போய், எஃகை மண்மூசையில் முழுக்க உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஷெஃபீல்டு நகரத்தின் எஃகுத் தொழிலுக்கு அது பெரிய அடித்தளமானது. அதற்கு முன் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக், ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்கே அது இழுக்கும் பலமும் இருக்கும் என்ற தன் விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம். பேத்திக்கு இந்தப் பகுதி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது கோல்ட் கம்பெனியின் 1851 மாடல் சுழல் துப்பாக்கி. விசைக்கு அருகில் இரண்டு கால் உள்ள தட்டை ஸ்பிரிங்கில் ஒரு கால் உடைந்துவிட்டது. இன்றைய நகல் துப்பாக்கிகளுக்கு விற்கும் ஸ்பிரிங் பொருந்துமா?

பதில்: அந்த ஸ்பிரிங் உடையாத கோல்ட் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டும். ஒரு கால் விசையைத் தள்ளுகிறது, மறு கால் குண்டுகள் இருக்கும் உருளையைப் பூட்டும் தாழைத் தள்ளுகிறது. இரண்டு காலும் பிரிகிற கவட்டையில் வெட்டு கூர்மூலையாக முடிந்தால் அங்கேதான் கீறல் தொடங்கும். நகல் ஸ்பிரிங் கிட்டத்தட்டப் பொருந்தும், திருகாணித் துளை கொஞ்சம் தள்ளி இருக்கலாம். ஸ்பிரிங்கின் துளையை நீட்டுங்கள், துப்பாக்கியின் உடற்சட்டகத்தைத் தொடாதீர்கள். கவட்டை கூராக இருந்தால் உருண்டையான ஊசி அரத்தால் வளைவாக்கி மெருகிடுங்கள். எந்தக் கால் எதைத் தள்ளுகிறது என்று கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உறுப்புகளில் அடித்திருக்கும் வரிசை எண்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் அந்தத் துப்பாக்கியின் மதிப்பு வேறு.

கேள்வி: ஸ்பிரிங் மாற்றினால் பழம்பொருளின் மதிப்பு குறையாதா? விற்கும்போது சொல்ல வேண்டுமா?

பதில்: கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் மாற்றியதற்காக யாரும் பெரிதாக முகம் சுளிப்பதில்லை. அது தேயும் உறுப்பு, துப்பாக்கி புழக்கத்தில் இருந்த காலத்திலேயே மாற்றப்பட்டிருக்கலாம். மறைத்ததற்காகத்தான் சுளிப்பார்கள். உடைந்த துண்டுகளை ஒரு சிறு உறையில் போட்டு, எது, எப்போது மாற்றியது என்று எழுதித் துப்பாக்கியோடு வையுங்கள். புது ஸ்பிரிங்கின் உள்பக்கத்தில், வளையாத கண் பகுதியில், ஆண்டைச் சின்னதாகப் பொறித்துவிடுவது என் வழக்கம். வளைகிற காலில் பொறிக்காதீர்கள், அதுவே கீறலாகிவிடும்.

கேள்வி: என் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் இல்லை, செப்புத் தொப்பி வைக்கிற வகை. ஆனால் பூட்டுத் தகட்டின் வெளிப்பக்கத்தில் எதற்கும் உதவாத, அடைக்கப்பட்ட துளைகள் தெரிகின்றன. அங்கே ஏதாவது ஸ்பிரிங் விடுபட்டிருக்கிறதா?

பதில்: விடுபட்டிருக்கிறது, ஆனால் வேண்டுமென்றே எடுத்தது. உங்களுடையது பிறக்கும்போது சக்கிமுக்கித் துப்பாக்கி என்று நினைக்கிறேன். அந்த வகையில் கிண்ணியை மூடும் எஃகு மூடியைப் பிடித்து வைக்க வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன மடிப்பு ஸ்பிரிங் இருக்கும். மூடியை மூடியபோது இறுக்கமாகவும், கல் அடித்துத் திறக்கும்போது சட்டென்று புரளும்படியும் வைப்பது அது. அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை எடுத்தது 1807இல். அப்படிப்பட்ட மருந்து அடைத்த செப்புத் தொப்பி பரவியது 1820களிலிருந்து. அதன்பின் நல்ல நிலையிலிருந்த எத்தனையோ சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் கிண்ணி, மூடி, அந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குழலில் தொப்பி வைக்கும் காம்பைப் பொருத்தி, குதிரையையும் மாற்றினார்கள். மிஞ்சியவை அந்தத் துளைகள்.

அதைத் திரும்பச் சக்கிமுக்கியாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். மாற்றியதும் அந்தத் துப்பாக்கியின் வரலாறுதான். பூட்டுத் தகட்டின் இரண்டு பக்கமும் தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். துளைகளின் இடத்தை வைத்து அந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, மூடி எவ்வளவு பெரிது என்று சொல்லப் பார்க்கிறேன்.